கறுப்பாற்றின் மறுகரைப் பெயர்

வக்கீல் குவீலியின் அலுவலக வாசலில் அன்று காலை லூக் கவகனின் வாடகைக் காரில் ஏறியவள், எங்கே போக வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு மைல் தூரம் மழையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு கேட்டாள்.

"நான் பொய் சொல்லலன்னு இந்த ஊர்ல யாருகிட்டப் போய் நிரூபிக்கணும்?"

லூக்குக்கு நாற்பத்தைந்து வயது. இப்படி ஒரு கேள்விக்காகவே பல மாதங்களாகக் காத்திருந்தான். வண்டியை அங்கேயே திருப்பினான்.

"போஸ்டம்மாகிட்ட" என்றான்.

போஸ்டம்மா என்பது சபைனா டார்ப்பி. அயர்லாந்தின் கில்டூன் தபால் நிலையத்தை முப்பத்தொரு வருடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள். அந்தத் தேவாலயப் பங்கில் மைக்கேல் சால்மன் என்ற பெயரில் மட்டும் ஐந்து பேர் இருந்தார்கள். சிவப்பு மைக்கேல், மேட்டு மைக்கேல், வாத்து மைக்கேல், அவன் மகன் சின்ன வாத்து, யாரோடும் பேசாத மைக்கேல். ஐவருக்கும் வந்த கடிதங்களில் ஒன்றுகூட அவள் காலத்தில் வீடு மாறிப் போனதில்லை. கன்றுக்குட்டி காணாமல் போனாலும், மொட்டைக் கடிதம் வந்தாலும், ஊர் போலீஸுக்கு முன்னால் அவளிடம்தான் போகும். லூக் அவளை அழைத்துப் போவான், அழைத்து வருவான், நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வான், தவறான ஆளைச் சந்தேகப்படுவான்.

அவர்கள் போனபோது அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வந்தவளை அடுப்புப் பக்கம் உட்காரச் சொன்னாள். பெயர் கேட்டாள்.

"வின்னி ஃபிஷர். மான்செஸ்டர்லேருந்து வர்றேன். செத்துப்போன பார்ட்லி சால்மனோட தம்பி ஃபெஸ்டி என் தாத்தா."

"ஃபிஷரா?" என்றான் லூக். "இந்தப் பக்கம் ஃபிஷரே கிடையாதே! ஏரியைச் சுத்திப் பன்னெண்டு வீடு. பன்னெண்டும் சால்மன்."

"வக்கீலும் இதையேதான் சொன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு."

"லூக், தண்ணி கொதிக்குது பாரு" என்றாள் சபைனா. "நீ பேசும்மா."

வின்னிக்கு முப்பத்துநான்கு வயது. மெலிந்த கை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகியவள். பார்ட்லி கல்யாணம் செய்துகொள்ளாமல் எண்பத்துநாலு வயது வரை இருந்துவிட்டுப் போன வருடம் இறந்தார். ஏரிக்கரை வீடும் நிலமும், ஓராண்டுக்குள் தம்பி ஃபெஸ்டியின் வம்சத்தில் யாராவது வந்தால் அவர்களுக்கு என்று உயில். வந்தவர் யார் என்பதை வக்கீல் தீர்மானிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு ஓராண்டு முடிகிறது. விளம்பரத்தை வின்னி பார்த்ததே பத்து நாள் முன்புதான். வறுத்த மீன் சுற்றி வந்த செய்தித்தாளில்.

"எனக்கு முன்னாடியே பாஸ்டன்லேருந்து ஒருத்தர் வந்துட்டாரு. ரேமண்ட் சால்மன். அவரு பேரு பொருந்துது. கையில பழைய கடிதம் வேற இருக்கு. எங்கிட்ட ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமேவா?"

"தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அங்க ரயில்வேயில வேலை பார்த்தாரு. எனக்கு ஒன்பது வயசாகும்போது போயிட்டாரு. எங்கப்பா யுத்தத்துல போயிட்டாரு. ஃபிஷர்ங்கிற பேரு எப்படி வந்துச்சுன்னு கேட்டா, 'அது எங்கப்பன் வெச்ச பேரு இல்லடி, பேப்பர் வெச்ச பேரு'ன்னு தாத்தா சிரிப்பாரு. அவ்வளவுதான் தெரியும்."

"வேற?"

"அவருக்கு ஒரு தங்கச்சி. குடிச்சா அவ பேரைச் சொல்லி அழுவாரு. ஒனோரா நிவ்ரடின். கட்டிக்கிட்டவனோட பேரா இருக்கும். வக்கீல் பெரிய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாரு. அப்படி ஒரு குடும்பப் பேரு அயர்லாந்து பூராவும் இல்லையாம்."

சபைனாவின் கை மாவில் நின்றது.

"இன்னொரு தடவை சொல்லு."

"நிவ்ரடின்."

"உன் மான்செஸ்டர் நாக்கால வேண்டாம். அவரு எப்படிச் சொல்வாரோ அப்படி."

வின்னி கண்ணை மூடினாள். "நிவ்... நீவ்ரடான். தெரியலம்மா. இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு."

லூக் நோட்டில் 'நிவ்ரடின், போலந்துக்காரனா?' என்று எழுதி அடிக்கோடிட்டான்.

"திரும்பிப் போனா அங்க என்ன இருக்கு உனக்கு?" என்று கேட்டாள் சபைனா.

"சலவைக்கடைக்கு மேல ஒரு ரூம். சுவரெல்லாம் ஈரம். ஆறு வயசுல ஒரு மக. குளிர்காலம் பூரா இருமுவா. அந்தக் கட்டடத்தையும் இடிக்கப் போறாங்களாம். மாசக் கடைசியில காலி பண்ணணும்."

சபைனா மாவைத் தட்டையாக்கி, கத்தியால் சிலுவைக் கோடு போட்டு, சட்டியில் வைத்து மூடினாள்.

"ரொட்டி வேகட்டும்" என்றாள். "சாப்பிட்டுட்டு வக்கீலைப் பார்க்கலாம்."

குவீலிக்கு அறுபத்தைந்து வயது. சிறு வயதிலேயே இங்கிலாந்துக்குப் படிக்கப் போய், அங்கேயே சட்டமும் முடித்து வந்தவர். கெட்டவர் அல்ல. தனக்குத் தெரியாதது கில்டூனில் எதுவும் இருக்காது என்று நம்புகிறவர்.

"மிஸ் டார்ப்பி, இதுல உணர்ச்சிக்கு இடமில்ல" என்றார். "பதிவுச் சட்டம் வந்த காலத்துல இவங்க பேரு ஓ பிரடான். பிரடான்னா சால்மன் மீன். இந்த ஊர்க் குமாஸ்தா இங்கிலீஷ்ல எழுதணுமேன்னு சால்மன்னு போட்டுட்டான். அதுலேருந்து ஏரிக்கரை முழுக்க சால்மன். ஃபிஷருங்க எல்லாம் வடக்கே, இங்கிலாந்துலேருந்து வந்து குடியேறினவங்க. ஒரு பேரு எங்க முளைச்சுது, எங்க பரவிச்சுன்னு பார்த்தாலே ஆளு யாருன்னு தெரிஞ்சிடும்."

"அது ரொம்பச் சரி" என்றாள் சபைனா. "கடிதத்தைப் பார்க்கலாமா?"

இரும்புப் பெட்டியிலிருந்து கடிதம் வந்தது. தேதி 1901. ஒனோரா, பாஸ்டனிலிருந்த அண்ணன் ஃபெஸ்டிக்கு எழுதியது. ஏரி, மழை, பார்ட்லியின் முழங்கால் வலி. எல்லாம் இங்கிலீஷில். கையெழுத்து மட்டும் பழைய ஐரிஷ் எழுத்தில், வளைவு வளைவாக: ஒனோரா ஓ பிரடான்.

"பெருமையைப் பாருங்க" என்றார் குவீலி. "பேரை மட்டும் தன் பாஷையில போட்டிருக்கா."

லூக் பூதக்கண்ணாடியை எடுத்தான். மையைப் பார்த்தான். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தான். முகர்ந்தும் பார்த்தான். சபைனா ஒரே ஒரு முறை படித்துவிட்டு மடித்தாள்.

"இதை வேற யாருக்காவது காட்டினீங்களா?"

"பெட்டியை விட்டு வெளிய எடுத்ததே இல்ல."

"அதான்" என்றாள் அவள்.

ரேமண்ட் சால்மன் ஓட்டல் வரவேற்பறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். பெரிய உருவம், நல்ல சிரிப்பு. எழுந்து நின்று கை கொடுத்தான். வீடு கிடைத்தால் இடித்துவிட்டு, மீன்பிடிக்க வருகிறவர்கள் தங்குவதற்கு இருபது அறையில் விடுதி கட்டப் போவதாக மறைக்காமல் சொன்னான்.

"உங்க தாத்தா அந்தத் தங்கச்சியை எப்படிச் சொல்வாரு?" என்று கேட்டாள் சபைனா.

"ஒனோரா ஓ பிரடான்" என்றான் உடனே. "எங்க வீட்டுல எல்லாருக்கும் அந்தப் பேரு மனப்பாடம். அழகான பேரு, இல்லையா?"

வெளியே வந்ததும் லூக் அவள் கையைப் பிடித்தான். "போஸ்டம்மா, ஓட்டல் சமையல்காரி சொன்னா. போன வெள்ளிக்கிழமை இவன் பன்றிக்கறி சாப்பிட்டானாம். கத்தோலிக்கன் வெள்ளிக்கிழமை கறி தொடுவானா! இவன் நம்ம ஆளே இல்ல. முடிஞ்சுது கேஸு."

"பாஸ்டன் பன்றிக்குக் கிழமை தெரியாதுப்பா" என்றாள் சபைனா. "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வண்டி எடு. ஆத்துக்கு அந்தப் பக்கம் போகணும்."

வியாழக்கிழமை மழை விட்டிருந்தது. கறுப்பாற்றுப் பாலத்துக்குச் சற்று முன்னால், கூரையில்லாத ஒரு சுவர் மட்டும் வயலில் நின்றது. அதைக் கடக்கும்போது லூக் யாரிடமும் அதன் கதையைச் சொல்லாமல் இருந்ததில்லை.

"இதுதான் பார்ட்லியோட அப்பா தாமஸ் சால்மனோட பழைய வீடு. ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்துமூணுல ஜமீன் ஆளுங்க கூரையைப் பிச்சுட்டாங்க. பார்ட்லி அப்போ கைக்குழந்தை. தாமஸ் பெண்டாட்டி சாராவோட பிறந்த வீடு ஆத்துக்கு அந்தப் பக்கம், கில்ரேன் வீடு. மூணு வருஷம் அங்கதான் கிடந்தாங்க. அப்புறம்தான் ஏரிக்கரையில இப்போ இருக்கிற வீட்டைக் கட்டினாங்க. எங்க தாத்தா கல்லு சுமந்தாரு."

"மூணு வருஷம்" என்றாள் சபைனா. "ஃபெஸ்டி பார்ட்லிக்கு எத்தனை வயசு சின்னவன்?"

"ரெண்டு வயசுன்னு சொல்வாங்க. ஏன்?"

"சும்மா கேட்டேன். ரோட்டைப் பாரு."

பாலத்தைத் தாண்டினால் வேறு பங்கு, வேறு டாக்டர், வேறு பதிவு அலுவலகம். சரியாக அந்த அலுவலக வாசலில் முன்சக்கரம் பஞ்சரானது. இதைவிட மோசமான இடத்தில் ஒரு சக்கரம் பஞ்சராக முடியாது என்று லூக் நினைத்தான். கரி அப்பிய கையோடு அவன் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, குமாஸ்தா பெண் அகரவரிசைப் பதிவேட்டின் பின்பகுதியைத் திறந்து உதட்டைப் பிதுக்கினாள். சபைனா ஏதோ சொன்னாள். அந்தப் பெண் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, பக்கங்களை முன்னால் தள்ளினாள். இருவரும் ஒரு வரியில் குனிந்தார்கள். அந்தப் பெண் சிரித்தாள்.

சபைனா ஒரு உறையோடு வெளியே வந்தாள்.

"என்ன கிடைச்சுது?"

"ஸ்டாம்ப் ஒட்டின காகிதம் ஒண்ணு. சக்கரம் ஆச்சா?"

"போஸ்டம்மா, இது நியாயமில்ல!"

"நீ பார்த்ததெல்லாம்தான்பா நானும் பார்த்தேன். நீ கேட்டதெல்லாம்தான் நானும் கேட்டேன். யோசிச்சுப் பாரு."

லூக் வீடு வரை யோசித்தான். ஓட்டல் சமையல்காரி மேல்தான் அவனுக்குச் சந்தேகம் வந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. குவீலியின் அறையில் ஐந்து நாற்காலி. ரேமண்ட் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். வின்னி தன் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பெட்டி படுக்கை கட்டிக்கொண்டே வந்திருந்தாள். தோற்றால் மூன்று மணி ரயில்.

"ஒரு மணி நேரம்தான் இருக்கு, மிஸ் டார்ப்பி" என்றார் குவீலி.

"அவ்வளவு வேண்டாம்." சபைனா கையுறையைக் கழற்றினாள். "சார், அந்தக் கடிதத்துல இருக்கிற கையெழுத்தை வாய்விட்டுப் படிங்க."

"ஒனோரா ஓ பிரடான்."

"கையெழுத்துப் போட்டது ஆம்பளையா, பொம்பளையா?"

"ஒனோரா பொம்பளைப் பேருதானே. இது என்ன கேள்வி?"

லூக் நெற்றியில் அறைந்துகொண்டான். அந்தச் சத்தத்தில் வின்னி திடுக்கிட்டாள்.

"ஐயோ! பள்ளிக்கூடத்துல இதுக்குப் பிரம்படி வாங்கியிருக்கேன் போஸ்டம்மா! மையைப் பார்த்தேன், காகிதத்தைப் பார்த்தேன், பேரைப் பார்க்கலையே!"

"ஓன்னா பேரன்" என்றாள் சபைனா. "ஓ பிரடான்னா பிரடானோட பேரன். ஆம்பளைக்கு மட்டும்தான் அது. அந்தக் காலத்துல இந்த ஏரிக்கரையில பிறந்த எந்தப் பொண்ணும், தன் பேரைத் தன் பாஷையில எழுதினா, தன்னைப் பேரன்னு எழுத மாட்டா. எழுதத் தெரியாதவகூட அப்படிச் சொல்ல மாட்டா. புத்தகத்துல பார்த்து எழுதினவன் எழுதுவான். குடும்பப் பேருங்களையும் சின்னங்களையும் பத்தி விக்கிற புத்தகத்துல ஓ பிரடான்னு மட்டும்தான் போட்டிருக்கும். பொண்ணுங்க எப்படிச் சொல்வாங்கன்னு போட்டிருக்காது."

குவீலியின் காது சிவந்தது. "நான் படிச்ச பள்ளியில ஐரிஷ் சொல்லித்தரல" என்றார்.

"தெரியும் சார். அதான் வேற யாருக்காவது காட்டினீங்களான்னு கேட்டேன். கடைத்தெருவுல யாருகிட்டக் காட்டியிருந்தாலும் அன்னைக்கே சிரிச்சிருப்பாங்க. உங்க இரும்புப் பெட்டிதான் இவரைக் காப்பாத்திச்சு."

ரேமண்டின் கால்கள் மெல்லப் பின்னால் வந்தன.

"சரி, கடிதம் போலின்னே வெச்சுப்போம்" என்றார் குவீலி. "அதனால இந்தம்மா நிஜம்னு ஆயிடுமா? ஃபிஷருக்கும் பிரடானுக்கும் என்ன சம்பந்தம்?"

"முதல்ல அந்த இல்லாத பேரைப் பார்ப்போம். கல்யாணம் ஆகாத பொண்ணு ஓ போடாம என்ன போடுவா, லூக்?"

"'நீ'ங்கிற ஐரிஷ் சொல்லு!" என்றான் லூக், வகுப்பில் கை தூக்குகிறவன் போல. "மகள்னு அர்த்தம். முன்னாடி 'நீ' வந்தா அடுத்த எழுத்து இளகிடும். 'பி' போயி 'வ்' வந்துடும். நீ வ்ரடான்..." அவன் வாய் திறந்தபடி நின்றது. "நிவ்ரடின்!"

"ஒனோரா நீ வ்ரடான். பிரடான் வீட்டுப் பொண்ணு ஒனோரா. புருஷனும் இல்ல, போலந்துக்காரனும் இல்ல." லூக் நோட்டை மூடினான். சபைனா தொடர்ந்தாள். "இங்கிலீஷ் புத்தகத்துல இந்தப் பேரைத் தேடினா கிடைக்காது சார். காதால கேட்டவங்களுக்குத்தான் தெரியும். ஒன்பது வயசுக் குழந்தை, அர்த்தம் தெரியாம, அழுற கிழவன் வாயிலேருந்து கேட்டது. ஒருத்தருக்குச் சரியான பேரு தெரிஞ்சிருந்துது, அது தப்பு. இன்னொருத்திக்குத் தப்பான பேரு தெரிஞ்சிருந்துது, அதுதான் சரி."

வின்னி 'நீ வ்ரடான்' என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"ஃபிஷர்?" என்றார் குவீலி. இப்போது அவர் குரலில் வாதம் இல்லை. ஆவல்தான் இருந்தது.

"நீங்கதான் சார் சொன்னீங்க, பேரு எங்க முளைச்சுதுன்னு பார்க்கணும்னு. அதையேதான் பார்த்தேன். பார்ட்லி இந்தக் கரையில பிறந்தாரு. அடுத்த வருஷம் வீடு போச்சு. குடும்பம் ஆத்தைத் தாண்டிச்சு. ஃபெஸ்டி ரெண்டு வயசு சின்னவன். அப்போ அவன் எந்தக் கரையில பிறந்திருப்பான்? அந்தக் கரைக்கு வேற பதிவு அலுவலகம். வேற குமாஸ்தா."

அவள் உறையைப் பிரித்து மேசைமேல் வைத்தாள்.

"நேத்து அந்தப் பொண்ணு சால்மன்னு தேடினா. இல்ல. ஃபிஷர் பக்கத்தைப் பாருன்னேன். சட்டம் ஒண்ணுதான், குமாஸ்தா ரெண்டு பேரு. பிரடான்னு சொன்னதும் இந்தக் கரையில இருந்தவன் மீனை எழுதினான். அந்தக் கரையில இருந்தவன் மீன் பிடிக்கிறவனை எழுதினான். படிக்கத் தெரியாத தாமஸ் ரெண்டு இடத்துலயும் தலையாட்டிட்டு வந்துட்டாரு."

குவீலி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "மார்ச் பன்னெண்டு, 1874. ஃபெஸ்டி ஃபிஷர். தகப்பன் தாமஸ் ஃபிஷர். தாயார் சாரா, கில்ரேன் குடும்பம்." எழுந்து போய் பார்ட்லியின் காகிதக் கட்டைத் தேடி எடுத்தார். பார்ட்லியின் பிறப்புச் சான்றில் தாமஸ் சால்மன். தாயார் சாரா, கில்ரேன் குடும்பம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இங்க இருந்த வரைக்கும் ஃபெஸ்டிக்குப் பேப்பரே தேவைப்படல" என்றாள் சபைனா. "மான்செஸ்டர்ல ரயில்வே வேலைக்கு வயசுச் சான்று கேட்டிருப்பாங்க. யாரையாவது எழுதச் சொல்லி வாங்கியிருப்பான். பேப்பர் வந்துது. அதுல ஃபிஷர்னு இருந்துது. வேலைக்குச் சேர்ந்தவன் ஃபிஷர். உன் தாத்தா சிரிச்சுக்கிட்டே நிஜத்தைத்தான்மா சொல்லியிருக்காரு."

ரேமண்ட் தொண்டையைச் செருமினான்.

"என் பேரு சால்மன்தான். அது பொய்யில்ல."

"நம்புறேன்" என்றாள் சபைனா. "உங்க ஆளுங்க அமெரிக்காவுக்கு எங்கேருந்து போனாங்க?"

"கென்ட்."

"இங்கிலாந்துல அந்தப் பக்கத்து சால்மனுக்கும் மீனுக்கும் சம்பந்தமே இல்ல. அது சாலமோன் ராஜாவோட பேருலேருந்து வந்தது."

ரேமண்ட் நாற்காலியிலிருந்து எழுந்தான். "அப்போ நான் மீன்கூட இல்லையா?" என்றான். லூக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரேமண்டுக்கும் வந்தது, அரை மனதாக.

குவீலி தொலைபேசியை எடுத்தார். போலீஸ் நிலையம் என்று கேட்கும் முன் வின்னி முதல்முறையாகச் சத்தமாகப் பேசினாள்.

"வேண்டாம் சார். போகட்டும். நானும்தான் மூணு நாளா இந்த ஊருக்குப் பொய்க்காரியா இருந்தேன். நல்லாயில்ல அது."

குவீலி தொலைபேசியை வைத்தார். போலிக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. தன் பெட்டியிலேயே திரும்ப வைத்தார், தனக்கே ஒரு பாடமாக. பிறகு உயில் கட்டை வின்னி பக்கம் தள்ளி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டினார்.

"ரயில் ஸ்டேஷனுக்கு உங்க வண்டி..." என்று ஆரம்பித்தான் ரேமண்ட்.

"வண்டிக்கு வேற வேலை இருக்கு" என்றான் லூக். "நாலு மைல்தான். வெயில் வேற அடிக்குது."

ஏரிக்கரை வீட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. கதவு பூட்டப்படவில்லை. உள்ளே ஒரு வருடத்துக் குளிர் அப்படியே இருந்தது. சுவர்கள் மட்டும் காய்ந்திருந்தன. வின்னி அதைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு சுவராக, உள்ளங்கையை வைத்து. பிறகு அடுப்பு முன் மண்டியிட்டு, பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள்.

"அதை உள்ள வை" என்றாள் சபைனா. "புதுசா குடிவர்ற வீட்டுல முதல் தீ பக்கத்து வீட்டுலேருந்து வரணும்."

"எனக்கு இங்க யாரைத் தெரியும்மா? யாரு கொடுப்பாங்க?"

லூக் ஜன்னலில் நின்றிருந்தான். "கொஞ்சம் இங்க வந்து பாரு" என்றான்.

ஏரிக்கரைப் பாதையில் இரண்டு பெண்கள், ஆளுக்கொரு இரும்பு வாளியோடு ஏறக்குறைய ஓடி வந்துகொண்டிருந்தார்கள். வாளிகளிலிருந்து கரிக்கட்டிப் புகை பின்னால் பறந்தது. சிவப்பு மைக்கேலின் மனைவியும் மேட்டு மைக்கேலின் மனைவியும். வாசலுக்கு ஒன்றாக வந்து, ஒன்றாகவே கதவில் சிக்கிக்கொண்டார்கள்.

"தள்ளுடி. எங்க வீட்டுத் தீதான் முதல்ல. எங்க மாமனாரும் இவ தாத்தாவும் பெரியப்பா சித்தப்பா மக்க!"

"இருந்தா என்ன? நான் பக்கத்து வீடு! உன் நெருப்பு இங்க வர்றதுக்குள்ள பாதி அணைஞ்சிடுச்சு பாரு!"

"அணைஞ்சிருக்கா? கையை விட்டுப் பாருடி!"

இருவரும் வின்னியைப் பார்த்தார்கள். தீர்ப்பு அவள்தான் சொல்ல வேண்டும் போலிருந்தது. வின்னி இரண்டு வாளியையும் வாங்கினாள். இரண்டையும் ஒரே நேரத்தில் அடுப்பில் கவிழ்த்தாள். லூக் மேலே கரிக்கட்டிகளை அடுக்கினான். கொஞ்ச நேரம் வெறும் புகை. பிறகு நடுவில் ஒன்று பிடித்தது. சண்டை போட்ட இருவரும் குனிந்து, ஒருத்தி தலையில் ஒருத்தி இடித்துக்கொண்டு, ஊதினார்கள்.

சூடு முகத்தில் பட்டதும் வின்னி பின்னால் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்தாள்.

"மகளுக்குத் தந்தி கொடுக்கணும்" என்றாள். "அங்க பக்கத்து வீட்டம்மா படிச்சுக் காட்டி, கூட்டிட்டு வருவாங்க."

லூக் நோட்டையும் பென்சிலையும் எடுத்தான். புதிய பக்கம். "சொல்லு, என்ன எழுதட்டும்?"

வின்னி நெருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தீ எரியுது. வா."